நேரம் இருக்கும்போதே இயேசுவைப் பற்றிச் சொல்வது எப்படி?

"அடுத்த முறை பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம்" என்று நீங்கள் ஒத்திவைத்துக்கொண்டே வரும் ஒருவர் இருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி இரவு வார்டுகளில் கழிந்தது. இப்போது எங்கள் சபையில், நோயாளிகளையும் முதியவர்களையும் சந்திக்கப் போகும் குழுவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் இளைஞர்களைப் பழக்குவதும் என் பொறுப்பு. அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையே இங்கே எழுதுகிறேன்.

"ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும், மனுஷருக்கு நியமிக்கப்பட்டிருக்கிறது" என்ற எபிரெயர் நிருபத்தின் வார்த்தையை நான் அப்படியே நம்புகிறேன். அதனால்தான் அவசரப்படுகிறேன். ஆனால் அந்த அவசரம் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி வாசலுக்கு அனுப்ப வேண்டும். படுக்கையில் இருப்பவரின் கழுத்தை அது நெரிக்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஒன்று வாயே திறப்பதில்லை, இல்லையென்றால் எதிரில் இருப்பவரைத் திக்குமுக்காட வைத்துவிடுகிறார்கள்.

யாரிடம் முதலில் போவது?

தெரியாதவர்களுக்குக் கைப்பிரதி கொடுப்பதில் தொடங்காதீர்கள். பிசாசின் பிடியிலிருந்து விடுபட்ட ஒருவன், தானும் கூடவே வருவதாக இயேசுவிடம் கெஞ்சியதை மாற்கு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. இயேசு அவனை அழைத்துச் செல்லவில்லை. "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப்போய், கர்த்தர் உனக்கு இரங்கி, உனக்குச் செய்தவைகளையெல்லாம் அவர்களுக்கு அறிவி" என்று அனுப்பினார். அந்திரேயாவும் முதலில் தேடிப் போனது சொந்தச் சகோதரன் சீமோனைத்தான்.

ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். ஐந்து போதும். உடல்நிலை மோசமாக இருப்பவர், வயது முதிர்ந்தவர், வெகுதூரம் குடிபெயரப் போகிறவர் ஆகியோர் மேலே வரட்டும். ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லித் தினமும் ஜெபியுங்கள். அப்படி ஜெபிக்கும்போது உங்களுக்குள்ளேயே ஒரு மாற்றம் வரும். "சொல்லி முடிக்க வேண்டிய ஆள்" என்ற எண்ணம் போய், அவருடைய முழங்கால் வலி, பேசாமல் போன மகன், இரவில் வராத தூக்கம் எல்லாம் உங்கள் கவலையாகும். பிறகு நாள் குறித்துப் போய்விடுங்கள்.

பயம் இருக்கும். இருந்தாலும் போகலாம். 1855ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்தில் எட்வர்ட் கிம்பல் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர், தம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஓர் இளைஞனிடம் கிறிஸ்துவைப் பற்றி நேரில் பேச முடிவு செய்து, அவன் வேலை பார்த்த செருப்புக் கடைக்குப் போனார். வேலை நேரத்தில் போவது சரியா, மற்றவர்கள் அவனைக் கேலி செய்வார்களோ என்று யோசித்துக்கொண்டே கடையைத் தாண்டி நடந்துவிட்டார். பிறகு திரும்பி வந்து, கடையின் பின்பக்கத்தில் இருந்த அவனிடம் பேசினார். தாம் பேசியது மிகவும் பலவீனமான பேச்சு என்றுதான் அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். 18 வயதான அந்த இளைஞன் டி. எல். மூடி. அவர் பிற்காலத்தில் இலட்சக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்தார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கிம்பலுக்கு அது எதுவும் அன்று தெரியாது. கடையைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

என்ன சொல்வது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்பவரிடம் "சுவிசேஷம் என்றால் என்ன?" என்று கேட்டால், சபையின் சிறப்பு, ஜெபத்துக்குக் கிடைத்த பதில்கள், போதகரின் நற்குணம் என்று சுற்றிச் சுற்றி வருவார். கி.பி. 55 வாக்கில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, தாம் பெற்றதையே ஒப்புவிப்பதாகச் சொல்லிச் சுருக்கமாகக் கொடுத்தார்: "கிறிஸ்துவானவர் வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, வேதவாக்கியங்களின்படி மூன்றாம்நாளில் உயிர்த்தெழுந்தார்." இதை உங்கள் பேச்சில், சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்கள் இல்லாமல், இரண்டு நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கடவுள் நம்மைப் படைத்தார், நம்மை நேசிக்கிறார். நாம் அவரை விட்டு விலகி நம் இஷ்டப்படி வாழ்ந்தோம். அதனால் நமக்கும் அவருக்கும் இடையே, நமக்கும் மற்றவர்களுக்கும் இடையே உறவு முறிந்துபோனது. அதை நம் நல்ல செயல்களால் சரிக்கட்ட முடியவில்லை. கடவுளே இயேசுவாக மனிதராய் வந்தார். நம் குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு சிலுவையில் மரித்தார். மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். அவரை நம்பித் திரும்பி வருகிற யாரையும் மன்னித்து, தம் பிள்ளையாக ஏற்றுக்கொள்கிறார். மரணத்துக்குப் பின்னும் அந்த உறவு முறியாது."

இதைக் கண்ணாடி முன் அல்ல, ஒரு நண்பர் முன் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் புரியவில்லை என்று அவர் சொல்லட்டும். எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் இதைச் செய்தாக வேண்டும். சலுகை கிடையாது.

அடுத்தது உங்கள் சாட்சி. அப்போஸ்தலர் 26ஆம் அதிகாரத்தில், அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் பேசியதை எடுத்து வாசியுங்கள். முன்பு எப்படி இருந்தார், தமஸ்குவுக்குப் போகும் வழியில் என்ன நடந்தது, அதன்பின் என்ன செய்தார் என்று நேராகப் போகிறார். நடுவில் ரோம ஆளுநன் பெஸ்து, "பவுலே, நீ பிதற்றுகிறாய்" என்று கத்துகிறான். பவுல் கோபப்படாமல் மரியாதையோடு பதில் சொல்லிவிட்டுத் தொடர்கிறார். அதையும் கவனித்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

என் சாட்சி பெரிய அற்புதம் எதுவும் இல்லாதது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தைகள் வார்டில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி இறந்துபோனாள். கடவுள் என்று யாரேனும் பேச்செடுத்தாலே எரிச்சல் வந்த காலம் அது. எனக்கு மூத்த செவிலியர் ஒருவர், ஆறுதல் எதுவும் சொல்ல முயலாமல் பக்கத்தில் அமர்ந்து 13ஆம் சங்கீதத்தை வாசித்தார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கடவுளிடமே ஒருவர் கேட்டிருப்பதும், அது வேதாகமத்துக்குள்ளேயே இருப்பதும் எனக்குத் தெரியாது. அவர் கொடுத்த மாற்கு சுவிசேஷத்தை இரவுப் பணியின் உணவு இடைவேளைகளில் வாசித்தேன். என்னை மிகவும் தொட்டது, கல்லறைத் தோட்டத்துக்குப் போன பெண்கள் நடுங்கிப்போனார்கள் என்ற பகுதி. கதை கட்டுகிறவர்கள் அப்படி எழுத மாட்டார்கள் என்று தோன்றியது. இயேசு உயிரோடு இருக்கிறார் என்று நம்பினேன். இன்றும் குழந்தைகளின் மரணம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு போய் அமர ஓர் இடம் இருக்கிறது.

உங்களுடையதையும் ஒரு பக்கத்தில் எழுதி, பாதியாக வெட்டுங்கள். நடந்த இடம், நடந்த செயல், கேட்ட வசனம் மட்டும் நிற்கட்டும். பழைய பாவங்களை விவரித்துச் சுவை கூட்ட வேண்டாம். நம்பிய பிறகு கஷ்டமே இல்லை என்று சொல்லவும் வேண்டாம். உங்களை அறிந்தவரிடம் அந்தப் பேச்சு ஒரு நிமிடம்கூட நிற்காது.

கேட்பது

இயேசு எத்தனை கேள்விகள் கேட்டார் என்று சுவிசேஷங்களைப் புரட்டிப் பாருங்கள். குருடனான பர்திமேயுவின் தேவை கண்ணுக்குத் தெரிந்தும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார். நான் பெரும்பாலும் கேட்பவை இவை: "இந்த நாட்களில் மனதில் அதிகம் ஓடுவது என்ன?" "உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" "கடவுளைப் பற்றிச் சின்ன வயதில் உங்களுக்கு என்ன சொல்லித் தந்தார்கள்?" கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மௌனம் நீண்டால் நீளட்டும்.

நோயாளியின் அருகே

இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள் அதிகமாகக் காயப்படுத்துவது இங்கேதான்.

பணியில் இருந்தவரை, சீருடையில் நான் யாரிடமும் மதப் பேச்சைத் தொடங்கியதில்லை. ஊசி போடும் கையை நம்பிப் படுத்திருப்பவர் எழுந்து போக முடியாது, "வேண்டாம்" என்று சொல்லவும் தயங்குவார். அவராகக் கேட்டால் பதில் சொன்னேன். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று பேதுரு எழுதியது அப்படிப்பட்ட இடத்துக்குப் பொருத்தமானது. மேலதிகாரி, ஆசிரியர், கடன் கொடுத்தவர் என்று அடுத்தவர்மேல் ஏதாவது பிடி வைத்திருக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும். உதவியைத் தூண்டிலாக்காதீர்கள். மருந்துச் செலவுக்குப் பணம் கொடுப்பதானால் கொடுத்துவிடுங்கள். அவர் எந்தக் கடவுளை வணங்கினாலும் அந்தப் பணம் அவருக்குரியது.

பார்வையாளராகப் போகும்போது முதலில் வீட்டாரிடமும் செவிலியரிடமும் கேளுங்கள்: எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார்? முதியவர்கள் பலருக்கு மாலையில் குழப்பம் கூடும், முற்பகல் நல்லது. வலி மருந்து சிலருக்கு நிம்மதியைத் தரும், சிலரைத் தூக்கத்தில் ஆழ்த்திவிடும். வலியில் துடிப்பவரிடம் எதையும் பேசாதீர்கள். செவிலியரை அழையுங்கள், தலையணையைச் சரிசெய்யுங்கள், தண்ணீர் கொடுக்கலாமா என்று கேளுங்கள். அன்றைக்கு உங்கள் ஊழியம் அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான்.

நின்றுகொண்டு பேசாமல், அவர் கண்மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். வயதாகும்போது மெல்லிய, கூர்மையான ஒலிகளே முதலில் கேட்காமல் போகின்றன. குரலைத் தாழ்த்தி, உங்கள் உதடுகள் தெரியும்படி, நிதானமாகப் பேசினால் போதும். பத்து நிமிடத்துக்குமேல் இருக்காதீர்கள், அவரே இருக்கச் சொன்னால் ஒழிய. தலையில் கை வைக்குமுன் அனுமதி கேளுங்கள். எதையும் தொடங்குமுன், "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா? எனக்கு நம்பிக்கை தந்த ஒரு பகுதியை வாசிக்கட்டுமா?" என்று கேளுங்கள். தலையசைத்தால் வாசியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால், வேறு பேச்சுக்கு மாறிவிடுங்கள்.

நான் வாசிப்பவை நான்கு: சங்கீதம் 23, யோவான் 14இன் தொடக்கம், லூக்கா 15இல் வரும் இளைய குமாரன் கதை, லூக்கா 23இல் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட குற்றவாளியின் பகுதி. கடைசிப் பகுதியை எத்தனை முறை வாசித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அவனுக்கு ஞானஸ்நானம் பெற நேரமில்லை, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, கை கூப்பக்கூட முடியாது. தான் அனுபவிப்பது நியாயமான தண்டனை என்று ஒத்துக்கொண்டான். "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்று கேட்டான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற பதில் உடனே வந்தது. "இனி எனக்கு என்ன இருக்கிறது, காலம் கடந்துவிட்டது" என்று சொல்லும் வயதானவருக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது.

குணமாகிவிடுவீர்கள் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கடவுள் குணமாக்க வல்லவர், அதற்காக ஜெபிக்கலாம். ஆனால் அவர் சொல்லாததை அவர் பெயரால் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. நோய் பாவத்தின் தண்டனை என்று பேசுகிறவர்களை நான் குழுவில் வைத்துக்கொள்வதில்லை. பிறவிக்குருடனைக் குறித்துச் சீஷர்கள் அப்படிக் கேட்டபோது இயேசு மறுத்தார் (யோவான் 9). போர்ச் செய்திகளையும் பூகம்பங்களையும் சொல்லி உலகத்தின் முடிவுக்குத் தேதி குறித்துப் பயமுறுத்துவதும் அப்படித்தான். அந்த நாளைப் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்று ஆண்டவரே சொல்லிவிட்டார்.

அரை மயக்கத்தில் இருப்பவரின் உதடுகளில் ஒரு ஜெபத்தைத் திணித்துவிட்டு, "ஏற்றுக்கொண்டார்" என்று வந்து சொல்லாதீர்கள். அது அவரையும் ஏமாற்றுகிறது, சபையையும் ஏமாற்றுகிறது. நினைவிழந்தவர் எவ்வளவு கேட்கிறார் என்று வெளியிலிருந்து தெரியாது. கேட்கிறார் என்று வைத்துக்கொண்டே பேசுவதுதான் வார்டு பழக்கம். ஆகவே வசனத்தை மெதுவாக வாசியுங்கள், ஜெபியுங்கள், மீதியைக் கடவுளிடம் விடுங்கள். அவர் தலைக்குமேல் நின்று சொத்து விவகாரமோ நோயின் நிலைமையோ பேசாதீர்கள்.

எதிர்க்கேள்விகள்

"என் பெற்றோர் இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே இறந்தார்களே, அவர்கள் கதி என்ன?" இதுதான் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி, மிகவும் கனமான கேள்வியும் இதுதான். தீர்ப்பளிக்கும் இடத்தில் நான் இல்லை என்று சொல்வேன். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதைச் சொல்வேன். பிறகு அவருடைய பெற்றோரைப் பற்றிக் கேட்பேன். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது அதுதான்.

மற்றவர்களின் தெய்வங்களைப் பழித்துப் பேசுவது சாட்சி ஆகாது. எபேசு பட்டணத்தில் பவுலின் கூட்டாளிகளுக்கு எதிராகக் கூட்டம் கொதித்தபோது, நகரத்தின் சம்பிரதி (நகர எழுத்தர்) ஒருவனே எழுந்து, இவர்கள் "உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல" என்றான். எதிர்த்தரப்பே அப்படிச் சொல்லும் அளவுக்கு அவர்கள் நாவை அடக்கியிருந்தார்கள்.

விவாதத்தில் வெல்ல முயலாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தேடிப் படித்துவிட்டு அடுத்த முறை பதிலோடு போங்கள்.

முடிவைக் கேட்பது

பேசிக்கொண்டே போய், கடைசியில் எதையும் கேட்காமல் எழுந்து வந்துவிடுகிறோம். 1871 அக்டோபர் 8, ஞாயிறு மாலை சிகாகோவில் பிரசங்கித்த அதே மூடி, கிறிஸ்துவை என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வாரம் யோசித்து அடுத்த ஞாயிறு வாருங்கள் என்று மக்களை அனுப்பிவைத்தார். அன்றிரவே அந்த நகரத்தின் பெருந்தீ மூண்டது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அந்தக் கூட்டம் மறுபடி அப்படியே கூடவே இல்லை. ஒரு வாரம் அவகாசம் கொடுத்ததை மூடி வாழ்நாள் முழுவதும் வருந்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னவுடன் இளைஞர்கள் என்னிடம் கேட்பார்கள்: "நெருக்கக் கூடாது என்கிறீர்கள், இன்றே கேள் என்றும் சொல்கிறீர்களே?" ஆம், இரண்டும் வேண்டும். கேள்வி இன்றைக்கு, ஒளிவுமறைவில்லாமல் வர வேண்டும். பதில் அவருடைய நேரத்தில் வரலாம். "இயேசுவை நம்பி அவரிடம் வர உங்களுக்கு விருப்பமா? இப்போதே சொல்ல வேண்டும் என்றில்லை. ஆனால் கேட்காமல் போக எனக்கு மனமில்லை" என்று கேளுங்கள். நான் கேட்பது அப்படித்தான். விருப்பம் என்றால், அவர் தம் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கட்டும். சொல் வரவில்லை என்றால் துணை செய்யலாம்: "இயேசுவே, நான் என் வழியில் போனேன். எனக்காக மரித்து உயிர்த்தெழுந்தீர் என்று நம்புகிறேன். என்னை மன்னித்து ஏற்றுக்கொள்ளும்." மூச்சு வாங்குபவருக்கு "இயேசுவே, என்னை நினைத்தருளும்" என்பது போதும்.

"வேண்டாம்" என்றாலும், "பிறகு பார்க்கலாம்" என்றாலும் முகம் மாறாதீர்கள். அடுத்த வாரமும் போங்கள், முன்பு போலவே. ஏற்காதவர்களின் வீட்டுக்குப் போக்குவரத்து நின்றுவிட்டால், முதலில் காட்டிய அன்பும் பொய்யாகிவிடும். பிற்காலத்தில் சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனுவின் தாய் மோனிக்கா மகனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தார். 387ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையில் மகன் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டு மோனிக்கா இறந்தார். அவர் பார்த்துவிட்டுப் போனார். பார்க்காமலே போகிறவர்களும் உண்டு. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் எழுதிய வசனத்தை அப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து வாசித்திருக்கிறேன்.

பதில் சொல்லாமலே ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய முடிவைப் பற்றி வீட்டாரிடம் எதையும் அறிவிக்காதீர்கள், நல்லதாகவும் கெட்டதாகவும். கடைசி மணிநேரங்களில் ஓர் உள்ளத்துக்குள் நடப்பது நமக்குத் தெரியாது. அடக்கத்துக்குப் போங்கள். சில வாரங்கள் கழித்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகும் ஒருமுறை போங்கள்.

நம்பியவரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடாதீர்கள். மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். 16 அதிகாரங்கள்தான், நான்கில் சிறியது. பெரிய எழுத்தில் அச்சிட்டது கிடைத்தால் நல்லது. கண் மங்கியவருக்கு ஒலிப்பதிவை வைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் அதிகாரம் சேர்ந்து வாசித்து, "இதில் இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்?" என்று மட்டும் கேளுங்கள். வீட்டாரிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். ஞானஸ்நானத்தைப் பற்றி அவர் கேட்டால், போதகரை அழைத்து வந்து அறிமுகப்படுத்துங்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு என்ன வழி என்பதையும் போதகரிடமே பேசுங்கள். உங்களைத் தவிர இன்னும் ஒருவராவது அவரைத் தொடர்ந்து சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவருக்குச் சபையே இல்லாமல் போய்விடக் கூடாது. புறப்படும்போது, அடுத்து வரும் நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டு, அந்த நேரத்துக்குப் போய்விடுங்கள்.